அதே பெயர், அதே தெரு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ரத்தம் எடுக்கும் அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ஊசி அக்கா. அவளைவிட இருபது வயது பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கை அவ்வளவு லேசு. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இன்னும் குத்தலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் வாய் இருக்கிறதே, அது லேசு கிடையாது. "ஊசி வலிக்காது, அக்கா பேசினாத்தான் வலிக்கும்" என்று பக்கத்து அறை எக்ஸ்ரேக்காரர் சொல்வார். அப்படிச் சொன்னதற்காக அவரையும் அவள் சும்மா விட்டதில்லை.

அந்த அறையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. 'நீங்கதானே இன்னார்?' என்று யாரையும் கேட்கக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு வந்து, பசியும் பயமுமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் அப்படிக் கேட்டாள். அவரும் ஆட்டினார். ரத்தம் எடுத்து அவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அதே பெயரில் இன்னொருவர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முதலில் வந்தவருக்குக் காது கேட்காதாம். நல்லவேளை, ரத்தம் பிடித்த குழாய் இன்னும் மேஜையை விட்டு நகரவில்லை, தப்பித்தாள். அன்றிலிருந்து ஒரே பாட்டுத்தான்: "உங்க பேரை நீங்களே சொல்லுங்க. பிறந்த தேதியையும் நீங்களே சொல்லுங்க." இரண்டும் சீட்டோடு ஒத்துப்போனால்தான் ரப்பர் பட்டையைக் கையில் எடுப்பாள். சலித்துக்கொள்கிறவர்களிடம், "இந்தப் பேர்ல நீங்க ஒருத்தர்தான் பொறந்திருக்கீங்கன்னு நினைப்பா? இன்னைக்கு மட்டும் மூணு பேர் வந்துட்டாங்க" என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் சொந்தத் தாத்தா விஷயத்தில் கோட்டைவிட்டாள். அதுவும் சாதாரணக் கோட்டை இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாததைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவளும் எழுபத்தொரு வயது அம்மாவும். போன வருடம் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று இதய மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு இதயக் கோளாறு ஏதாவது இருந்துச்சாம்மா? எந்த வயசுல இறந்தார்?"

"தெரியாது டாக்டர். எனக்கு அஞ்சு வயசிருக்கும்போது வெளியூருக்கு வேலைக்குப் போனார். திரும்பி வரலை."

மருத்துவர் 'தெரியாது' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்கு வரும்வழியில் அம்மா பேருந்து ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி தெரியணும். எங்கப்பா எங்களை வேணாம்னு விட்டுட்டுப் போனாரா, இல்லை வர முடியாமப் போச்சா? அதைத் தெரிஞ்சுக்கிட்டா நிம்மதியாக் கண்ணை மூடுவேன்."

"கண்ணை மூடற பேச்சை விடு. நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் ஊசி அக்கா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

தாத்தாவைப் பற்றி வீட்டில் இருந்தது இவ்வளவுதான்: அவருடைய பெயர், குடியிருந்த தெரு, செய்தது மர வேலை, வயது முப்பது முப்பத்தொன்று. போட்டோ கிடையாது. அம்மாவைப் பெற்றவள் தையல் மிஷினை மிதித்தே மகளை வளர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்து நாற்பது வருடமாகிறது. புருஷனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. வேறு எதுவும் சொன்னதும் இல்லை. அந்தப் பெயரோ, சந்தையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்.

பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்தாள். முதல் மூன்று தடவை பெயர்கள் வந்து குவிந்தனவே தவிர ஒன்றும் தேறவில்லை. நாலாவது தடவை, துறைமுக ஊரின் திருமணப் பதிவேட்டில் ஒரு வரி. அதே பெயர். வயது முப்பத்து மூன்று. 'மரத் தொழில்.' முன்பு வசித்த இடம் என்ற கட்டத்தில் அதே தெரு. தாத்தா காணாமல் போய் இரண்டு வருடம் கழித்து நடந்த கல்யாணம்!

ஊசி அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. அடப்பாவி மனுஷா! இங்கே ஒரு பெண் தையல் மிஷினை மிதிக்கிறாள், அங்கே மாலை மாற்றிக்கொண்டிருக்கிறாயா?

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "அக்கா, அவசரப்படாதீங்க. அதே பேர்ல நிறையப் பேர் இருப்பாங்க. மாப்பிள்ளையோட அப்பா பேர் போட்டிருக்கு பாருங்க. அது உங்க குடும்பத்தோட ஒத்துப்போகுதா?"

"அவரோட அப்பா பேரு எங்கம்மாவுக்கே தெரியாது. பேர் அதே பேர், தெரு அதே தெரு, வேலை அதே வேலை, வயசும் சரி. இன்னும் என்னய்யா வேணும் உனக்கு? கைரேகையா?"

குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். "தாத்தா துறைமுக ஊர்ப் பக்கம்தானே போனார்?" அம்மா யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "அதுக்கு முன்னாடி வீட்டுல சண்டை எல்லாம் நடந்துச்சு இல்ல?" அதற்கும் ஆட்டினாள். எந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை? "போனவர் ஒரு கடுதாசிகூடப் போடலை இல்ல?" அதற்கும் ஒரு ஆட்டல். இருபத்தாறு வருடமாக யாரிடமும் கேட்காத மாதிரியான கேள்வியை, பெற்ற தாயிடம் வரிசையாக மூன்று தடவை கேட்டாள் அந்த மகராசி. கேட்டுவிட்டு, கையிலிருந்த குண்டையும் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, உன் அப்பா சாகலை. வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார்."

அம்மா நகலை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அப்ப எங்கம்மா ஏமாந்துதான் போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்ப் படுத்தாள். அதற்கப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. தட்டில் வைத்தது பாதி அப்படியே இருக்கும். மாலையில் கீழே இறங்கிப் பக்கத்து வீட்டு அம்மாக்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற வழக்கமும் நின்றது. "எங்கப்பா நல்லவர், ஏதோ ஆகிப்போச்சு" என்று அறுபத்தாறு வருடம் சொல்லி வந்தவளுக்கு இப்போது கீழே போய்ச் சொல்ல என்ன இருக்கிறது?

ஊசி அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில், பதிவேட்டில் இருந்த பெண் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். 'உங்கள் குடும்பத் தலைவர் முன்பே ஒரு மனைவியையும் மகளையும் கைவிட்டவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்று காரமாகவே எழுதினாள். யாராவது பதிலுக்குச் சண்டை போட்டால் போடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சண்டை வரவில்லை. ஒரு வாரத்தில் போன் வந்தது. அறுபத்து மூன்று வயதுக்காரர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. மனைவியும் இறந்துவிட்டாள்.

"நிஜமாவாம்மா? எனக்கு ஒரு அக்கா இருக்காங்களா?" என்றார். "அப்பா பண்ணினது தப்புத்தான். பெரிய தப்பு. நான் வந்து அக்கா காலைப் பிடிச்சு மன்னிப்பு கேட்கிறேன். வரலாமா?"

இப்படிக் கேட்கிறவரிடம் என்ன கோபப்படுவது? "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க" என்றாள். கொஞ்சம் தயங்கி, "மாமா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். குட்டையான மனிதர், தடித்த மூக்குக் கண்ணாடி, நல்ல சட்டை, ஒரு கையில் பழப் பை, இன்னொரு கையில் துணியில் சுற்றிய போட்டோ ஆல்பம். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவு மட்டும் பாதி திறந்திருந்தது.

"அக்கா வரமாட்டாங்களா?"

"வருவாங்க மாமா. கொஞ்சம் பொறுங்க. டீ குடிங்க."

ஆல்பத்தின் முதல் படத்தை ஊசி அக்கா உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கும் ஒரு நடுவயதுக்காரர். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள். "முகம் ஞாபகம் இல்லடி. யாரோ மாதிரிதான் இருக்கார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே கண்ணாடிக் கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பயம் வந்தால் சிலர் ஊமையாகிவிடுவார்கள். இவர் பேசுகிற ரகம். மரக்கடையில் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்தது, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லாததை நினைத்து உள்ளுக்குள் எரிந்துகொண்டும் இருந்தாள்.

"ஒரு தமாஷ் சொல்றேன் கேளும்மா" என்றார் அவர், இறுக்கத்தைக் குறைக்க நினைத்து. "எங்கப்பா செத்துப் பொழைச்சவர். கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, உங்க பழைய தெருவுல ஒரு ரூம் எடுத்துத் தனியா இருந்தப்போ, ஏதோ ஒரு மலை ஊரு ஆஸ்பத்திரியிலேருந்து கார்டு வருது. 'இன்னார் வீட்டாருக்கு'ன்னு இவர் பேரைப் போட்டு, இவர் காலமாயிட்டார்னு! அந்தத் தெருவுல அந்தப் பேர்ல தபால்காரருக்குத் தெரிஞ்ச ஆள் அப்பா ஒருத்தர்தான். கொண்டுவந்து குடுத்துட்டு அவரும் முழிக்கிறார், அப்பாவும் முழிக்கிறார். அதுல பாரேன், இடது கையில ரெண்டு விரல் இல்லைன்னு வேற போட்டிருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கார்டை எடுத்துக் காட்டி, பத்து விரலையும் விரிச்சு, 'எண்ணிப் பாருங்கப்பா, நான் செத்துட்டேனா'ன்னு கேட்பார். நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். ஊசி அக்கா சிரிக்கவில்லை. எழுந்து ஒரே பாய்ச்சலாகப் போய், அம்மாவின் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"மாமா, இனிமே வாயைத் திறக்காதீங்க."

"ஏம்மா, நான் ஏதாவது தப்பா..."

"திறக்காதீங்கன்னா திறக்காதீங்க! அந்தக் கார்டு எங்கே?"

அவர் மிரண்டுபோய் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பழுப்பேறிய தபால் கார்டு, நாலு மூலையும் ஒட்டி, சீராக இருந்தது. பிரித்து எடுத்து அவள் படித்தாள். முதல் தடவை எழுத்தெல்லாம் ஆடியது. இரண்டாம் தடவைதான் தெளிவாகப் படிக்க முடிந்தது. அதே பெயரில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று குமாஸ்தா சொல்லாமலா இருந்தார்? அவள்தான் கேட்கவில்லை.

ஆனாலும் இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. அம்மாவிடம் கார்டைக் காட்டினால் அம்மா அதற்கும் தலையை ஆட்டிவிடுவாள். ஊசி அக்கா கார்டைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, தாத்தா கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"அதான் அன்னைக்கே கேட்டியே."

"நான் கேட்டது தப்பு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

அம்மா சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள். "என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்து ரெண்டு மூணு நாள்தான் ஆகியிருக்கும். எங்கப்பா கம்பளியைக் கேட்டார். இந்த வெயில்ல எதுக்குன்னு எங்கம்மா சிரிச்சாங்க. போற ஊர் குளிரும்னார்."

அப்ப துறைமுக ஊர் இல்லையா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கதவு ஜன்னல் வேலை, மூணு வாரம்னு சொல்லிட்டு இருந்தார். என் தாடையைப் பிடிச்சு ஆட்டினார். அந்தக் கையில மூணு விரல்தான் அவருக்கு. ரம்பம் பட்டுப் போயிடுச்சாம். அந்த மொட்டை விரல் கழுத்துல பட்டா எனக்குக் கூசும்."

"எந்தக் கை?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். எதிரே யாரோ நிற்பதுபோல நிமிர்ந்து பார்த்து, தன் தாடையைத் தொட்டுப் பார்த்து, கையை மாற்றி மாற்றி யோசித்தாள். "இடது கை. வலது கையில உளிப் பை இருந்துச்சு."

ஊசி அக்கா அழுதுவிட்டாள். "இதை ஏன்ம்மா நீ எங்கிட்டச் சொல்லலை?"

"நீ எங்கடி கேட்டே? நீ பாட்டுக்கு வந்து ஆமாவா ஆமாவான்னே கேட்டே. நானும் ஆமாம்னேன்."

பிற்பாடு அவள் அந்த மலை ஊர் ஆஸ்பத்திரிக்கே எழுதி, பழைய பதிவேட்டில் மனைவி பெயரும் மகள் பெயரும் இருப்பதை ஒத்துப் பார்த்துக்கொண்டாள். பட்ட பிறகு விடுவாளா? ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மகள் கார்டை எடுத்து விஷயத்தைச் சொன்னதும் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். கதவைத் திறந்து கூடத்துக்கு வந்து, வந்தவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது யார்கிட்ட வந்துச்சோ அவங்க வீட்டு ஆளே படிக்கட்டும்" என்றாள்.

உள்ளே பேசியது காதில் விழுந்து, கண்ணாடிக் கடைக்காரருக்கு அதற்குள் எல்லாம் புரிந்துபோயிருந்தது. அக்கா என்று நினைத்து வந்தவள் அக்கா இல்லை. அவர் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தது இவளுடைய அப்பாவின் சாவுச் செய்தியை. கார்டை வாங்கிக்கொண்டார். எத்தனையோ தடவை படித்துக் காட்டியதை இப்போது ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"மேற்படி நபர், வயது முப்பத்தொன்று, மரத் தொழில், இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. விஷக் காய்ச்சலால் சேர்க்கப்பட்டு, ஒன்பதாம் தேதி மாலை காலமானார். வீட்டார் முப்பது நாட்களுக்குள் வந்து அவருடைய பொருட்களைப் பெற்றுக்கொள்ளவும். பொருட்கள்: கம்பளி ஒன்று. உளிகள் நான்கு. திரும்பும் பயணத்துக்கான ரயில் டிக்கெட் ஒன்று."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "எங்கப்பா பக்கத்துல நாலு வீட்டுல கேட்டிருக்கணும்" என்று முகத்தை மூடிக்கொண்டார். "நீங்க இருந்தது எட்டிப் பார்க்கிற தூரம்தானே. கேட்காம, சிரிச்சுட்டு இருந்திருக்கோம். என்னை மாமான்னு கூப்பிட வேண்டாம்மா. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"கேட்டிருக்கணும்தான்" என்றாள் அம்மா. குரலில் கோபம் இருந்தது. அறுபத்தாறு வருடக் கோபம். "எங்கம்மா தினமும் வாசலைப் பார்த்துக்கிட்டே தைப்பாங்க. ஊசி கையில ஏறிடும். உங்கப்பா ஒரு நடை நடந்து வந்து சொல்லியிருந்தா, அழுதாவது தீர்த்திருப்பாங்க."

ஊசி அக்காவுக்கும் தலை நிமிரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது அவளும்தானே. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அழாதீங்க தம்பி. உங்க வீட்டுல இது துக்கமா இருந்திருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டிருப்பாங்க. சிரிப்பா இருந்ததாலதானே ஒட்டிப் பத்திரமா வச்சிருந்தீங்க? அதனாலதானே இன்னைக்கு என் கைக்கு வந்துச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒன்று வந்திருந்தது. கீழே போய் நாலு பேரிடம் சொல்லுவதற்கு அவளிடம் இப்போது விஷயம் இருந்தது.

"கண்ணாடியைத் துடைச்சுக்குங்க" என்றாள். "இன்னொரு தடவை படிங்க. பூரா வேண்டாம். அந்தக் கடைசி வரி போதும்."

அவர் துடைத்துக்கொண்டு, கார்டைக் கண்ணருகே கொண்டுபோய், சத்தமாகப் படித்தார்.

"திரும்பும் பயணத்துக்கான ரயில் டிக்கெட் ஒன்று."